ஒரு மின்கார், இரண்டு சாவி: இன்று யார் முறை?

வீட்டில் ஒரு கார் இருந்தால் அதற்காக வாய்ச்சண்டை வருவது புதிதல்ல. “சாவிய எங்க வெச்சீங்க?”, “நேத்தும் நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க?”, “அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு போன வாரமே சொன்னேனே!” இவையெல்லாம் பெட்ரோல் கார் காலத்திலேயே நாம் கேட்டுப் பழகிய வசனங்கள். மின்சாரக் கார் வந்த பிறகு இந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: “சார்ஜ் எவ்வளவு இருக்கு?”

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நேற்றிரவு யார் கீழே இறங்கிப்போய் வண்டிக்குச் சார்ஜ் போட்டிருக்க வேண்டும், ஏன் போடவில்லை, இன்று காலை யார் ரயிலில் போக வேண்டும் என்ற மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. இந்தச் சண்டையைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கணவர் பக்கம் நியாயமா, மனைவி பக்கம் நியாயமா என்று தீர்ப்புச் சொல்வது நோக்கமல்ல. மின்காரின் சுபாவம் என்ன, அது குடும்பத்தில் எந்த இடத்தில் போய் இடிக்கிறது என்பது புரிந்துவிட்டால், பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும்.

ஏன் ஒரே ஒரு கார்?

புக்கிட் பாத்தோக்கை எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் இருமலைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று சொல்வோர் உண்டு. இங்கிருந்த கல் குவாரிகளின் வெடிச்சத்தம் குன்று இருமுவதுபோல் கேட்டதாம். அந்தக் குவாரிகளில் ஒன்றுதான் இன்று நாம் ‘லிட்டில் குவெய்லின்’ என்று படம் பிடித்து மகிழும் ஏரி. இருமும் குன்றின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் இப்போது இருமாத, உறுமாத கார்கள் வந்து நிற்கின்றன. 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார்.

ஒரு தம்பதியை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எல்லார் புளோக்கிலும் இருப்பவர்கள்தாம். கணவருக்குத் துவாஸில் வேலை. மனைவி நகரத்தில் ஒரு மருத்துவமனையில் தாதி. ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான ஒரு தாயார். இவர்களிடம் ஒரே ஒரு மின்கார்.

“ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன?” என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நம் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். 1990ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்த வாகனப் பங்கீட்டு முறைப்படி, கார் வாங்கும் முன்னே சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. 2018 பிப்ரவரியில் கார்களின் வளர்ச்சி விகிதம் பூஜ்யமாக்கப்பட்டது. 2022 மே மாதத்திலிருந்து 110 கிலோவாட் வரை ஆற்றலுள்ள மின்கார்கள் ‘ஏ’ பிரிவில் சேர்க்கப்பட்டன. சாதாரணக் குடும்பக் கார்களுக்கான பிரிவு அது. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவின் சான்றிதழ் 106,000 வெள்ளியைத் தொட்டது.

இந்தத் தொகையைப் பத்தாண்டுக்குப் பிரித்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 29 வெள்ளி. கார் விலை, காப்புறுதி, சாலை வரி, நிறுத்தக் கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை. வண்டி கீழே சும்மா நின்றாலும் அந்த 29 வெள்ளி போய்க்கொண்டேதான் இருக்கும்.

மின்கார் வாங்குவோருக்கு அரசாங்கம் 2021 முதல் சிறப்புத் தள்ளுபடி கொடுத்து வந்தது உண்மை. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 20,000 வெள்ளி. 2024ல் அது 15,000 ஆனது. 2026க்கு 7,500 என்றும் அந்த ஆண்டு முடிவோடு நின்றுவிடும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆக, இரண்டாவது கார் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கனவுதான். இருவர் சம்பாதித்து, இருவர் சேர்ந்து தவணை கட்டும் வீட்டில் ஒரு காரை இருவரும் பகிர்ந்துதான் ஆக வேண்டும்.

பெட்ரோல் கார் மறைத்த சங்கதி

பகிர்வது பெட்ரோல் காரிலும் இருந்ததே, இப்போது மட்டும் ஏன் சண்டை கூடுகிறது?

பெட்ரோல் கார் நம் மறதியை மன்னித்துக்கொண்டே இருந்தது. கணவர் இரவு டாங்கியைக் காலியாக விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டாரா? காலையில் மனைவி முணுமுணுத்துக்கொண்டே போகிற வழியில் எண்ணெய் நிலையத்தில் நுழைவார். ஐந்து நிமிடம், வேலை முடிந்தது. முதல் நாள் யோசிக்காதவருடைய தவறு மறுநாள் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

மின்காரில் அப்படிக் கரையாது. வீவக கார் நிறுத்துமிடங்களில் இருப்பவை பெரும்பாலும் மெதுவாக மின்னூட்டும் முனைகள். அவற்றுக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். கடைத்தொகுதிகளிலும் எண்ணெய் நிலையங்களிலும் உள்ள விரைவு முனைகளில் அரைமணி, முக்கால் மணி நேரத்தில் பெருமளவு ஏற்றிவிடலாம். ஆனால் அங்கே யூனிட்டுக்குக் கூடுதல் காசு. காலை ஆறரை மணிக்குச் சீருடையோடு கிளம்பும் தாதிக்கு அந்த அரைமணி நேரமும் எங்கே இருக்கிறது?

ஆகவே மின்காரை நாளை யார், எவ்வளவு தூரம் எடுத்துப் போகப் போகிறார் என்பதை இன்றிரவே ஒருவர் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டி ஓட்டுவது ஒரு வேலை. வண்டியைப் பற்றி யோசிப்பது இன்னொரு வேலை. நம் வீடுகளில் கார் சண்டை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையைப் பற்றியதுதான். பால் தீர்ந்துவிட்டதா, பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று எப்போதும் ஒருவரே நினைவில் வைத்திருக்கும் வீடுகளில், ‘வண்டிக்குச் சார்ஜ் இருக்கிறதா’ என்பதும் அதே ஆளின் தலையில்தான் போய் விழும். சாவி இரண்டு இருக்கும். யோசிக்கும் தலை ஒன்றுதான் இருக்கும். உரசல் அங்கேதான் தொடங்குகிறது.

வாரத்துக்கு ஓர் இரவு போதும்

இனி கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்குத் தெரியாததால் வரும் பயமும் சண்டைக்கு ஒரு காரணம்.

60 யூனிட், அதாவது 60 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலம் கொண்ட கார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் ஓட்டத்துக்கு 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் ஆகும் என்று எடுத்துக்கொண்டால், முழுக் கலத்தில் சுமார் 375 கிலோமீட்டர் ஓடும். புக்கிட் பாத்தோக்கிலிருந்து துவாஸுக்குப் போய் வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்கு ஆறரை யூனிட் போதும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வீதம் வாரத்துக்கு 280 கிலோமீட்டர் ஓடினால் ஆகும் செலவு 45 யூனிட்.

மெதுவான முனை ஒன்று பெரும்பாலும் 7.4 கிலோவாட் வேகத்தில் மின்சாரம் தரும். 45 யூனிட் ஏற, வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 7 மணி நேரம். இரவு பத்து மணிக்குச் செருகினால் காலை ஐந்து மணிக்குத் தயார். அதாவது, வாரத்துக்கு ஓர் இரவு போதும்! கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம், இடத்துக்கு இடம் மாறும். யூனிட்டுக்கு 65 காசு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வாரச் செலவு சுமார் 30 வெள்ளி.

தீபாவளி நேரத்தில் லிட்டில் இந்தியாவுக்குப் போகும் பயணத்தைப் பாருங்கள். தேக்காவுக்குப் போய் வர சுமார் 35 கிலோமீட்டர். கலத்தில் பத்து விழுக்காடுகூட முழுதாகக் குறையாது. “சார்ஜ் நாப்பதுதான் இருக்கு, இன்னிக்குச் சிராங்கூன் ரோடு வேண்டாம்மா” என்று கணவர் சொன்னால், அது கூட்டத்துக்குப் பயந்து சொல்லும் சாக்கு. சார்ஜைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் தீவு கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். கலத்தில் 30 விழுக்காடு இருந்தாலே 110 கிலோமீட்டர் ஓடும். நள்ளிரவில் தாயாருக்கு நெஞ்சு வலித்தாலும், எந்த மருத்துவமனைக்கும் போய்த் திரும்பி வர அது போதும்.

மலாக்காவுக்கோ கோலாலம்பூருக்கோ போவதென்றால் கதை வேறு. முதல் நாள் இரவே நிறைத்துக்கொள்ள வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்தி ஏற்றுவது என்றும் பார்த்துவைக்க வேண்டும். ஒரு வசதி: சிங்கப்பூரில் பதிவான பெட்ரோல் கார்கள் எல்லை தாண்டும்போது முக்கால் டாங்கி எண்ணெய் இருக்க வேண்டும் என்று 1991 முதல் இருக்கும் விதி டாங்கியே இல்லாத மின்காரைக் கட்டுப்படுத்தாது.

பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், புதிதாக மின்கார் வாங்கிய வீடுகளில் தினமும் சார்ஜ் போடும் பழக்கம் வந்துவிடுகிறது. கைத்தொலைபேசிக்குப் போடுவதுபோல, எண்பதிலிருந்து நூறுக்கு. மனைவி “நாளைக்கு எனக்கு வேணும்” என்கிறார். கணவர் “எதுக்கும் இருக்கட்டும்” என்கிறார். ஒருவர் முந்திக்கொள்ள, மற்றவர் அதற்கும் முந்த, வண்டி எப்போது பார்த்தாலும் முனையிலேயே நிற்கிறது.

இதில் நம் வீட்டுக்கு வெளியே இருப்பவர்களும் சம்பந்தப்படுகிறார்கள். 2030ஆம் ஆண்டுக்குள் தீவு முழுதும் 60,000 மின்னூட்டு முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அதில் ஒரு பங்காக, ஏறக்குறைய 2,000 வீவக கார் நிறுத்துமிடங்களில் 12,000 முனைகளை அமைக்க 2022ல் ஏலக்குத்தகை விடப்பட்டது. வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு நிறுத்துமிடத்துக்கு ஆறு முனை.

ஆறு முனை இருக்கும் இடத்தில் ஒவ்வொரு குடும்பமும் பயந்து தினமும் இரவு முழுக்கச் செருகி வைத்தால் ஆறு கார்களுக்குத்தான் இடம். அதே குடும்பங்கள் வாரத்துக்கு ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் 42 கார்களுக்குப் போதும். புருஷன் பெண்டாட்டிக்குள் ஓர் ஏற்பாடு இல்லாத வீடு, முப்பத்தாறு அண்டை வீட்டாரின் முறையைத் தட்டிப் பறிக்கும் பழக்கத்துக்குத் துணைபோகிறது. சார்ஜ் முடிந்த பிறகும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணமும் வாங்குகின்றன. அப்போது வருவது அடுத்த சண்டை: இரவு பதினோரு மணிக்கு மின்தூக்கியில் இறங்கிப்போய் வண்டியை நகர்த்துவது யார்?

மேல்மாடியிலிருந்து கம்பி இழுத்துப் போட்டுவிடலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். அது ஆபத்து. 2023 டிசம்பர் 8 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, நிலையாகப் பொருத்தப்படும் மின்னூட்டி எதுவும் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தரை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்தக் காலத்து இரண்டு தம்பதிகள்

காருக்காகக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பது நம் தலைமுறையில் தொடங்கியதல்ல. புக்கிட் பாத்தோக்கிற்குப் பக்கத்திலேயே, அப்பர் புக்கிட் தீமா சாலையில், பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1941ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். அந்த ஃபோர்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி ஃபோர்டு, 1908ல் ‘மாடல் டி’ பெட்ரோல் காரை அறிமுகம் செய்து உலகத்தையே பெட்ரோலில் ஓடவைத்தவர். அவருடைய மனைவி கிளாரா எதை ஓட்டினார் தெரியுமா? மின்சாரக் கார்! அவருடைய 1914ஆம் ஆண்டு ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’ இன்றும் அமெரிக்காவில் ஃபோர்டின் பெயரைத் தாங்கிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

காரணம் எளிது. அக்காலத்துப் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை முறியும். சத்தம், புகை, எண்ணெய் நாற்றம் வேறு. மின்கார் அப்படியில்லை, உட்கார்ந்தால் போய்விடலாம். அதனால் அதைப் ‘பெண்களின் கார்’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஃபோர்டு வீட்டில் சண்டை வராததற்குக் காரணம், அவர்களால் ஆளுக்கொரு கார் வைத்துக்கொள்ள முடிந்தது! 1912ல் கேடிலாக் கார்களில் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி வந்தபின், மின்காரின் பெரிய அனுகூலம் ஒன்று போய்விட்டது. மலிவான பெட்ரோலும் சேர்ந்துகொள்ள, மின்கார் பல பத்தாண்டுகள் மறைந்தே போனது.

இன்னொரு தம்பதி ஜெர்மனியில். கார்ல் பென்ஸ் 1886ல் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தொழிலுக்குக் கைகொடுத்த பணத்தில் அவருடைய மனைவி பெர்த்தாவின் சீதனமும் இருந்தது. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமல், பெர்த்தா இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல்! அன்றைக்கு எண்ணெய் நிலையம் ஏது? வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வண்டியில் என்ன குறை, எதைத் திருத்த வேண்டும் என்று வழியில் கண்டறிந்து வந்து சொன்னவரும் அவரே.

பணம் இருவருடையது, பெயர் ஒருவருடையது. ஓட்டிப் பார்த்தால்தான் உரிமை வரும் என்று அன்றைக்கே பெர்த்தா காட்டிவிட்டார். இந்தச் செய்தி நம் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கும் பொருந்தும். எப்படி என்று பார்ப்போம்.

பெயர் யாருடையது?

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கார் பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் பதிவாகியிருக்கும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் கணவர் பெயர். காப்புறுதியும் அவர் பெயரில். விபத்து இழப்பீடு கோராமல் ஓட்டினால் கிடைக்கும் ‘நோ கிளெய்ம்’ தள்ளுபடி ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, ஐந்து ஆண்டில் 50 விழுக்காட்டைத் தொடும். இந்தத் தள்ளுபடி காப்புறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேரும். கூடவே பெயர் சேர்க்கப்பட்ட ஓட்டுநராக மனைவி பத்தாண்டு கீறல் இல்லாமல் ஓட்டியிருந்தாலும், நாளை தம் பெயரில் ஒரு கார் எடுக்கும்போது வழக்கமாகப் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மறுபுறம், மனைவி ஓட்டும்போது சின்ன மோதல் நடந்து இழப்பீடு கோரினால், அடிபடுவது கணவரின் தள்ளுபடி. “நீ ஓட்டாதே, நான் வந்து கூட்டிப் போறேன்” என்ற அன்பான வசனத்துக்குப் பின்னால் இந்தப் பயமும் இருக்கலாம்.

பெயரே சேர்க்காமல் ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால், நாமே கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பல காப்புறுதித் திட்டங்களில் கூடிவிடும். ஆகவே வண்டி எடுத்த அன்றே இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

மின்காரில் இன்னொரு பத்திரமும் உண்டு. அது கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. சாவி, சார்ஜ் நிலவரம், குளிர்சாதனம், வண்டி நிற்கும் இடம் எல்லாம் ஒரு செயலியில். முதன்மைக் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவரே வண்டியின் எஜமானர். வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வசதி திருட்டைத் தடுக்க நல்லது. மனைவி அம்மா வீட்டில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கணவர் வேலை முடிந்து எந்தக் காப்பிக்கடைக்குப் போனார் என்று பார்ப்பதற்கும் அது உதவும். ஒருவரிடம் மட்டும் செயலி இருந்தால், ஒருவர் பார்ப்பவர், மற்றவர் பார்க்கப்படுபவர். கார் வாங்கியது குடும்ப வசதிக்கு. வேவு பார்க்க அல்ல. இருவர் கைத்தொலைபேசியிலும் செயலி இருக்கட்டும். எதைப் பார்க்கலாம், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளட்டும்.

ஓட்டுவதில் ஒரு போட்டி

மின்காரின் திரையில் ஒவ்வொரு பயணமும் எத்தனை யூனிட் குடித்தது என்று எண் வரும். அதைப் பார்த்ததும் வீட்டில் ஒரு போட்டி தொடங்கிவிடும். “எனக்கு 14தான் வந்துச்சு, நீ எடுத்தா 17!” கேலியாக இருந்தால் பரவாயில்லை. குத்திக்காட்டலாக மாறினால்தான் சிரமம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: இந்த ஒப்பீடு நியாயமானதல்ல. பெட்ரோல் கார் விரைவுச்சாலையில் சிக்கனமாகவும் நகரத்தில் தாராளமாகவும் குடிக்கும். மின்கார் நேர்மாறு. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பன்மடங்கு கூடும். விரைவுச்சாலையில் 90ல் போனால் செலவு அதிகம். நகரத்தில் நின்று நின்று போகும்போது, காலை எடுத்தாலே மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைத் திரும்ப மின்சாரமாக்கிக் கலத்தில் சேர்க்கும். ஆகவே துவாஸுக்கு விரைவுச்சாலையில் போகும் கணவரின் எண்ணையும், பள்ளி, சந்தை, ரயில் நிலையம் என்று பேட்டைக்குள் ஓட்டும் மனைவியின் எண்ணையும் அருகருகே வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, போட்டிக்காகக் குளிர்சாதனத்தை அணைத்துவிடுபவர்கள் உண்டு. நம் வெயிலில் ஒரு மணி நேரம் குளிர்சாதனம் ஓட ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிறது என்று கொண்டால், அணைத்து மிச்சம் பிடிப்பது ஆறு கிலோமீட்டர் தூரம். அதற்காகப் பின்னிருக்கையில் மாமியார் வியர்த்து வழிய வேண்டுமா? காலை எடுத்ததும் வண்டி வெடுக்கென்று மெதுவாவதால் பிள்ளைகளுக்குக் குமட்டலும் வரும். நல்ல ஓட்டுநர் யார் என்பதைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லட்டும். திரை சொல்ல வேண்டாம்.

மூன்றாவது தகராறு, எண்பதா நூறா என்பது. ஒருவர் “முழுக்க ஏத்தினாதான் நிம்மதி” என்பார். மற்றவர் “எண்பதுக்கு மேல போனா பேட்டரி கெட்டுடும்” என்பார். இருவரும் சரியாக இருக்கலாம்! இரும்பு பாஸ்பேட் வகைக் கலமாக இருந்தால், அவ்வப்போது நூறு வரை ஏற்றும்படி பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நிக்கல் கலந்த வகையாக இருந்தால், அன்றாட ஓட்டத்துக்கு எண்பதோடு நிறுத்துவது நல்லது. காரோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தால் தகராறு அங்கேயே தீரும்.

இதற்கிடையில் ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். புக்கிட் பாத்தோக் ஓட்டுநர் பயிற்சி நிலையத்திலும் மற்ற நிலையங்களிலும் கஷ்டப்பட்டு உரிமம் எடுத்து, பிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிய பெண்கள் நம்மில் பலர். கியர் மாற்றும் தொல்லை இல்லாத, அதிகம் சத்தம் போடாத மின்கார் அவர்களில் சிலரை மறுபடியும் ஓட்டுநர் இருக்கைக்குக் கொண்டுவரக்கூடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மின்கார் மிதித்த மாத்திரத்தில் பாயும். பல ஆண்டு ஓட்டாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியான நிறுத்துமிடத்தில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பழகிக்கொண்டு சாலைக்குப் போவது நல்லது. அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது என் சிபாரிசு!

நான்கு பேச்சு, ஒரு தாள்

சரி, வீட்டில் என்ன ஏற்பாடு செய்துகொள்ளலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். நான்கு விஷயங்களைப் பேசி ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

ஒன்று, அடிமட்டம். 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். கார் அதற்குக் கீழே இறங்கிய நிலையில் யார் சாவியை மாட்டுகிறாரோ, சார்ஜ் போடும் பொறுப்பு அவருடையது. நாளை யாருக்கு வண்டி வேண்டும் என்பது இதில் கணக்கில்லை. பெட்ரோல் காலத்தில் ‘காலி டாங்கியோடு விடாதே’ என்று சொன்னதன் புது வடிவம் இது.

இரண்டு, சார்ஜ் இரவு. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட இரவு. ஒரு வாரம் அவர் இறங்கட்டும், மறுவாரம் இவர். இரவு வேலைக்குப் போகும் வாரத்தில் விலக்கு உண்டு. செருகுபவரே காலையில் எடுத்து நகர்த்தவும் வேண்டும். யோசிக்கும் வேலையை இருவருக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்று, முன்னுரிமை. யார் பெரியவர் என்று பார்க்காமல், யாருக்கு மாற்றுவழி இல்லை என்று பாருங்கள். துவாஸுக்கு ரயில் இருக்கிறது. நேரம் அதிகம் ஆனாலும் போய்விடலாம். விடியற்காலையில் இரவு வேலை முடித்து, கண் சொருகத் திரும்பும் தாதிக்கும், சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய தாயாருக்கும் வண்டி வேண்டும். அந்தத் தாதி மிகவும் களைத்திருந்தால் அவரே ஓட்டக்கூடாது. கணவர் போய் அழைத்துவர வேண்டும். வண்டி முதலில் யாருக்கு அவசியமோ அவருக்கு. மிச்ச நாள் முறை போட்டு.

நான்கு, பெயரும் பணமும். காப்புறுதியில் இருவர் பெயர், செயலியில் இருவர் கணக்கு, மின்னூட்டு நிறுவனத்தின் கட்டணம் யார் அட்டையில் போகிறது என்ற தெளிவு. சார்ஜ் செலவு ஒருவர் அட்டையிலேயே மாதாமாதம் போனால் அது மற்றவர் கண்ணில் படாது. படாத செலவு மதிக்கப்படாது. பத்தாண்டு முடிந்து அடுத்த வண்டி வந்தால், அதை மற்றவர் பெயரில் பதியலாமா என்பதையும் பேசிப் பாருங்கள். ‘நோ கிளெய்ம்’ தள்ளுபடியைத் துணைக்கு மாற்ற முடியுமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு வைப்பதும் நல்லது.

இவ்வளவும் ஒரு காருக்காகவா என்று கேட்கலாம். காருக்காக மட்டுமல்ல. வீட்டுக்குள் யார் கண்ணுக்கும் படாமல் ஒருவர் சுமந்து வந்த யோசனைச் சுமையை, மின்கார் ஒரு விழுக்காட்டு எண்ணாகத் திரையில் காட்டிவிடுகிறது. காலையில் 12 விழுக்காடு என்று சிவப்பில் எரியும்போது, நேற்று யாரோ ஒருவர் நினைக்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதைப் பழி சொல்லவும் பயன்படுத்தலாம், வேலையைப் பகிரவும் பயன்படுத்தலாம். இந்த வார இறுதியில் ஒரு காப்பி நேரத்தை ஒதுக்கி, அந்தத் தாளை எழுத உட்காருங்கள். எழுதி முடித்ததும் சாவியை இவ்வளவு நாள் குறைவாக ஓட்டியவர் கையில் கொடுத்து, ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள்.